3-14 மோசமா, 0-16 மோசமா? பிரவுன்ஸ் புலம்பல் இழை (மற்ற அணிக்காரர்களும் வரலாம், சிரிக்கக் கூடாது)

ஏரிக்கரைக்காரன் (சோலன், ஒஹையோ)

நம் அமெரிக்க ஃபுட்பால் அணி கிளீவ்லண்ட் பிரவுன்ஸின் 2024 சீசன் 3-14-ல் (மூன்று வெற்றி, பதினாலு தோல்வி) முடிந்ததிலிருந்து எங்கே போனாலும் இதே பேச்சு. ஆபீஸ் காபி மிஷின் பக்கத்தில், கோயில் பார்க்கிங்கில், மகளின் நீச்சல் வகுப்பு வாசலில். "இதைவிடக் கேவலமான வருஷம் இருந்ததே இல்லை" என்கிறார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்த ஊருக்கு வந்தே நாலு வருஷம் ஆகவில்லை. 2017-ஐ, அந்த 0-16 சீசனை, அவர்கள் பார்க்கவில்லை. நான் பதினாறு ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தேன்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் துடைத்துவிடுகிறேன். 0-16 என்றதும் எல்லோரும் வாரா வாரம் தர்ம அடி வாங்கியதாக நினைக்கிறார்கள். அப்படி வாங்கியிருந்தால் பாதியிலேயே டிவியை அணைத்துவிட்டுப் போயிருப்பேன். பிட்ஸ்பர்கிடம் 21-18. இண்டியானாபொலிஸிடம் 31-28. ஜெட்ஸிடம் 17-14. டென்னசியிடம் ஓவர்டைமில் 12-9. நாலு ஆட்டம் மூன்று மூன்று புள்ளியில் போனது. கிரீன் பேயிடம் நாலாவது குவார்ட்டரில் 21-7 என்று முன்னால் இருந்தோம். எதிரே அவர்களின் நட்சத்திர குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஆரன் ராட்ஜர்ஸ்கூட இல்லை, காயத்தில் உட்கார்ந்திருந்தார். ஓவர்டைமில் 27-21 என்று தோற்றோம்.

இன்னொரு கூத்து: அந்த ஆகஸ்டில் ஒத்திகை ஆட்டம் நாலையும் ஜெயித்தோம். 4-0! அதை நம்பி நண்பன் ஒருவனிடம் ஐந்து வெற்றி என்று பந்தயம் கட்டினேன். பிறகு சீசன் ஆரம்பித்தது. பிட்ஸ்பர்க் முதல் சில நிமிடத்திலேயே நம் பன்ட்டை (எதிரிக்குத் தூரமாக உதைத்து அனுப்பும் பந்தை) தடுத்து, உருண்ட பந்தை எண்ட் ஸோனில் (மைதானத்தின் கடைசிப் பட்டையில்) அமுக்கி டச்டவுன் (ஆறு புள்ளி) எடுத்துவிட்டது. சாமி ஊர்வலம் கிளம்பும்போதே அச்சு முறிந்த தேர்.

என் தீர்ப்பு: 2017-தான் மோசம். 2024-ல் தோற்றார்கள். 2017-ல் தோற்பதற்கு ஏற்பாடு செய்தார்கள். மறுப்பவர்கள் வரலாம்.

மூன்றாம்_டவுன் (கொலம்பஸ்)

மறுக்கிறேன். மூணு புள்ளியில் தோற்றதையெல்லாம் துரதிர்ஷ்டம் என்று கணக்கு எழுத வேண்டாம் அண்ணா. அந்த வருடம் பந்து பறிகொடுத்த கணக்கில் நாம் கழித்தல் 28. அதாவது எதிரிகளிடமிருந்து பறித்ததைவிட 28 தடவை கூடுதலாகப் பறிகொடுத்தோம். ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு! இத்தனை கொடுத்துவிட்டு ஆறு ஆட்டத்தில் நெருங்கி வந்ததே அதிசயம்.

டெஷோன் கைசர், பாவம், 21 வயதுப் பையன். கல்லூரிப் பையன்களை எடுக்கும் டிராஃப்டில் இரண்டாவது சுற்றில் எடுத்து முதல் நாளே குவார்ட்டர்பேக்காக நிறுத்தினார்கள். 11 டச்டவுன் பாஸ், 22 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரி பிடித்தது). லீக்கிலேயே அதிகம். டொலிடோ பையன், இதே மாநிலம். அடுத்த மார்ச்சில் கிரீன் பேக்கு அனுப்பிவிட்டார்கள்.

புதுவரவு (ஏக்ரன்)

எல்லாருக்கும் வணக்கம். அஞ்சு மாசம் முன்னாடிதான் இங்க வந்தேன். ஒரு அடிப்படைக் கேள்வி, திட்டாதீங்க. பதினாறுல பதினாறும் தோத்தா இங்கிலீஷ் ஃபுட்பால்ல கீழ் டிவிஷனுக்குத் தள்ளிடுவாங்களே. இங்க ஏன் தள்ளல? அப்புறம் "தோக்க ஏற்பாடு"ன்னா மேட்ச் ஃபிக்ஸிங்கா??

மூன்றாம்_டவுன்

தள்ள மாட்டார்கள், பரிசு கொடுப்பார்கள்! அதுதான் இந்த லீக்கின் விசேஷம். கீழ் டிவிஷன் என்று ஒன்று கிடையாது. தேசிய டிவி ஒப்பந்தப் பணம் 32 அணிக்கும் சமமாகப் பிரியும், ஜெயித்தாலும் தோற்றாலும். ஆட்டக்காரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. அதில் செலவழிக்காத மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு எடுத்துப் போகலாம். கல்லூரியிலிருந்து வரும் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு. ஐபிஎல் ஏலம் மாதிரி பணத்தைக் கொட்டி அள்ள முடியாது, வரிசைப்படிதான். ஆனால் வரிசையில் உள்ள இடத்தை விற்கலாம், வாங்கலாம், அடுத்த வருட இடத்தோடு மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது யோசியுங்கள். உங்களுக்குப் பொறுமை இருந்தால், இரண்டு வருடம் தோற்று, நல்ல இடங்களைச் சேர்த்து, சம்பளப் பணத்தையும் சேமித்து, மூன்றாம் வருடம் பெரிய அணி கட்டலாம். ஃபிக்ஸிங் இல்லை. மைதானத்தில் இறங்கியவன் ஒவ்வொருவனும் ஜெயிக்கத்தான் ஆடினான். அவனோடு இறங்குவதற்கு நல்ல ஆட்களை வாங்காமல் விட்டார்கள்.

ஏரிக்கரைக்காரன்

தம்பி அழகாகச் சொன்னான். ஆனால் அந்தக் கடைசி வரியைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகக் கூடாது.

2016 தொடக்கத்தில் முதலாளி ஜிம்மி ஹாஸ்லம் அணியை சஷி பிரவுன் கையில் கொடுத்தார். ஹார்வர்டில் படித்த வழக்கறிஞர், அதுவரை அணியின் சட்ட விவகாரங்களைப் பார்த்தவர். கூடவே பேஸ்பாலில் புள்ளிவிவரக் கணக்கால் பேர் வாங்கிய பால் டிபொடெஸ்டா. கோச் ஹியூ ஜாக்சன். வந்ததும் பழைய ஆட்களைப் பெருக்கித் தள்ளினார்கள். 2016-ல் 1-15. அந்த ஒன்றுகூட, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சான் டியாகோவின் உதையாளர் கடைசி உதையைக் கோட்டைவிட்டதால் வந்தது. 20-17.

2016 டிராஃப்டில் இரண்டாவது இடம் நம் கையில். ஃபிலடெல்ஃபியாவுக்கு விற்றார்கள். அவர்கள் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸை எடுத்தார்கள். 2017-ல் பன்னிரண்டாவது இடம். அதை ஹூஸ்டனுக்கு விற்றார்கள். அவர்கள் இன்னொரு குவார்ட்டர்பேக், டெஷான் வாட்சனை எடுத்தார்கள். இந்த வரியை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நாங்கள் கைசரோடு தோற்றுக்கொண்டிருந்த அதே சீசனில், வென்ட்ஸின் ஃபிலடெல்ஃபியா சூப்பர் பவுலுக்கே (கோப்பைக்கான இறுதி ஆட்டம்) போனது. டிசம்பரில் அவர் முழங்கால் போய், நிக் ஃபோல்ஸ் என்கிற மாற்று ஆள் ஆடி ஜெயித்தார். அவர்களிடம் மாற்று ஆளே கோப்பை எடுக்கிறான்.

ஞாயிறு_சாம்பார் (சோலன்)

மேலே எழுதியிருக்கும் ஏரிக்கரைக்காரனின் வீட்டுக்காரி நான். அந்தப் பதினாறு ஞாயிறும் இவர் வீட்டில் என்ன செய்தார் என்று நானும் சாட்சி சொல்லலாம் இல்லையா? லண்டன் ஆட்டம் இங்கே காலை ஒன்பதரைக்கு. மினசோட்டாவோடு. இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே 33-16 தோற்றார். அன்றைக்கு மத்தியானம் முழுக்க வீட்டில் யாரோ போய்ச் சேர்ந்த மாதிரி மௌனம். சாம்பாரில் உப்பில்லை என்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

எனக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் அதே செப்டம்பரில் இந்த ஊர் பேஸ்பால் டீம் வரிசையாக 22 ஆட்டம் ஜெயித்தது. முந்தின வருடம் பாஸ்கெட்பாலில் லெப்ரான் கோப்பை கொண்டு வந்தார், தெருவெல்லாம் ஜனம். ஜெயிக்கிற டீம் இரண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது இவர் ஏன் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று இன்றுவரை விளங்கவில்லை.

பழைய_டிக்கெட் (பார்மா)

அம்மா, நான் பதில் சொல்கிறேன். நான் இந்த ஊருக்கு வந்தது 1984-ல். ஏப்ரலில் தியாகராஜ ஆராதனை, இலையுதிர் காலத்தில் பிரவுன்ஸ். நாலு நண்பர்கள், ஒரே கார், ஏரிக்கரையில் பழைய முனிசிபல் ஸ்டேடியம். காற்று எலும்பைத் துளைக்கும்.

1995 நவம்பரில் முதலாளி ஆர்ட் மொடல் அணியையே பால்டிமோருக்குக் கொண்டுபோகப் போவதாக அறிவித்தார். டிசம்பர் 17 கடைசி வீட்டு ஆட்டம். சின்சினாட்டியை 26-10 ஜெயித்தோம். ஜெயித்தபின் ஜனங்கள் இருக்கைகளைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். நான் எடுக்கவில்லை. என் நண்பர் எடுத்தார். அவர் வீட்டு கராஜில் அந்தப் பலகை இன்னும் இருக்கிறது. மூன்று வருடம் அணியே இல்லை. 1999-ல் பெயரும் நிறமும் திரும்ப வந்தன. அங்கே போன அணி 2001 ஜனவரியில் சூப்பர் பவுல் வென்றது. வேறு பெயரில்.

ஆகையால் 0-16, 3-14 இரண்டுமே எனக்கு மோசம் இல்லை. ஞாயிறு மத்தியானம் தோற்கவாவது ஓர் அணி இருக்கிறதே.

ஒரு சின்னச் செய்தி: 2017 டிசம்பரில் இங்கிருந்து துரத்தப்பட்ட அந்த சஷி பிரவுன் 2022 முதல் பால்டிமோர் அணியின் தலைவர். எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

நதிக்கு_அக்கரை (விண்ட்சர், கனடா)

தம்பியவை, நான் லயன்ஸ் ஆள். ஆத்துக்கு அங்கால டெட்ராய்ட் வெளிச்சம் எங்கட ஜன்னலுக்குள்ள தெரியும். 0-16 கடைக்கு முதல் கதவு திறந்தது நாங்கள், 2008-இல. நீங்கள் ரெண்டாவது கிளை. 1976-இல டாம்பா பே 0-14 போனதுதான், ஆனா அப்ப சீசனே பதினாலு ஆட்டம். இன்னொண்டு: நாங்களும் அந்த ஓகஸ்டில ஒத்திகை ஆட்டம் நாலும் வெண்டனாங்கள்! இனி ஆராவது ஒத்திகையில 4-0 எண்டால் எனக்குக் காய்ச்சல் வரும்.

மினசோட்டாவில நடந்ததைச் சொல்லுறன். எங்கட குவார்ட்டர்பேக் டான் ஓர்லோவ்ஸ்கி, எதிராளி துரத்தத் துரத்த எண்ட் ஸோனுக்குள்ள ஓடினவர். ஓடி ஓடிப் பின் கோட்டைத் தாண்டினது அவருக்கே விளங்கேல்ல. கோட்டுக்கு வெளியில நிண்டு பந்தை எறியப் பார்த்துக்கொண்டு நிக்கிறார்! சேஃப்டி, எதிரணிக்கு ரெண்டு புள்ளி. ஆட்டம் முடிஞ்சது 12-10. அந்த ரெண்டு புள்ளிதான் வித்தியாசம். கதிரையில இருந்து விழுந்திட்டன். சிரிச்சோ அழுதோ எண்டு இப்பவும் தெரியாது.

ஆனா எங்கட 0-16 திட்டம் போட்டு வந்ததில்லை. அது சுத்தத் தற்குறித்தனம். மேலதிகாரி மாட் மில்லனை மூண்டு ஆட்டம் முடியத் துரத்தினவை. உங்கட கதை வேற மாதிரி இருக்கு. எது கூடுதலா நோகும் எண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்ல.

மூன்றாம்_டவுன்

அக்கரை அண்ணை சொன்னதைத்தான் நானும் பிடித்துக்கொள்கிறேன். திட்டம் இருந்தது என்பது குற்றமா, பாராட்டா? கணக்குப் போடுவோம்.

மைல்ஸ் காரெட், 2017 முதல் தேர்வு. 1-15-க்குக் கிடைத்த கூலி. காயத்தால் முதல் நாலு ஆட்டம் இல்லை, ஐந்தாவதில் இறங்கிய முதல் ஸ்நாப்பிலேயே (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்நாப்) குவார்ட்டர்பேக்கைச் சாய்த்தார். 2025 மார்ச்சில் வருடத்துக்கு 40 மில்லியன் டாலர் ஒப்பந்தம். டேவிட் என்ஜோகு, 2017 முதல் சுற்று. டென்சல் வார்ட், 2018 நாலாவது தேர்வு, வாட்சனை எடுக்க ஹூஸ்டன் நமக்குக் கொடுத்த இடம். நிக் சப், 2018 இரண்டாம் சுற்று. இது இன்னும் அழகு: ஹூஸ்டனுக்குச் சுமையாகிவிட்ட ப்ராக் ஆஸ்வைலர் சம்பளத்தை நம் தலையில் ஏற்றிக்கொண்டோம், கூலியாக அவர்களின் இரண்டாம் சுற்று இடத்தை வாங்கினோம். சம்பள மிச்சத்தைக் கொடுத்து ஓர் ஓட்டக்காரனை வாங்கிய மாதிரி. ஊரே சிரித்தது. அந்த இடம்தான் சப்.

2020-ல் 11-5. 2021 ஜனவரியில் பிட்ஸ்பர்கை அவர்கள் மைதானத்திலேயே பிளேஆஃபில் (சீசனுக்குப் பின் வரும் நாக்அவுட்) 48-37. 1994 சீசனுக்குப் பிறகு முதல் பிளேஆஃப் வெற்றி. அன்று களத்தில் இருந்த சப்பும் காரெட்டும் யார் சேர்த்தது? திட்டம் பலித்தது அண்ணா.

ஏரிக்கரைக்காரன்

பலித்ததை நான் மறுக்கவே இல்லை. யார் காசில் பலித்தது என்றுதான் கேட்கிறேன். டிக்கெட்டுக்கும் பார்க்கிங்குக்கும் முழு விலை வாங்கினார்கள். "இந்த இரண்டு வருடம் விதைக் காலம், பாதி விலைக்கு வாருங்கள்" என்று சொல்லவில்லையே.

அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல்: கோச்சுக்கும் மேலிடத்துக்கும் ஒரே திட்டம் இல்லை. சஷி மூன்று வருடக் கணக்கில் இருந்தார், ஹியூ அடுத்த ஞாயிறு கணக்கில் இருந்தார். அக்டோபர் 31 வர்த்தகக் கெடு (அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கடைசி நாள்) ஞாபகம் இருக்கிறதா? சின்சினாட்டியின் மாற்று குவார்ட்டர்பேக் ஏ.ஜே. மெக்காரனுக்கு இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று இரண்டையும் கொடுப்பதாகப் பேசி முடித்தார்கள். கெடுவுக்குள் காகிதம் முறைப்படி லீக்குக்குப் போய்ச் சேரவில்லை. ஒப்பந்தம் ரத்து. பத்திரப்பதிவு ஆபீஸ் மூடின பிறகு கையெழுத்தோடு ஓடிப் போனவன் கதை. (கை தவறியதா, மனசில்லாமல் தவறியதா என்று ஊரில் இன்னும் பட்டிமன்றம். மெக்காரன் பின்னால் ஆடியதைப் பார்த்தால் தவறியதே நல்லது.)

டிசம்பர் 7 வியாழன் காலை சஷியை நீக்கினார்கள். அன்றே ஜான் டோர்சி வந்தார். ஹியூ? இரண்டு வருடத்தில் 1-31. அவரை அடுத்த வருடமும் வைத்துக்கொண்டார்கள்! தோற்பதற்குத் திட்டம் போட்டவனுக்கு வேலை போனது, தோற்றவனுக்கு வேலை இருந்தது. 2018 ஜூனில் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஈரி ஏரியில் குதித்தார், "இன்னொரு தடவை 1-15 ஆனால் ஏரியில் நீந்துவேன்" என்றிருந்தாரே. ஆனது அதையும்விட மோசம். அந்த அக்டோபரிலேயே அவரையும் அனுப்பினார்கள்.

பழைய_டிக்கெட்

கடைசி ஆட்டத்தை யாரும் எழுதவில்லையே. 2017 டிசம்பர் 31, பிட்ஸ்பர்க். அவர்கள் பெரிய ஆட்களையெல்லாம் ஓய்வுக்கு உட்கார வைத்திருந்தார்கள். நாம் நாலு புள்ளி பின்னால். கடைசி நேரம், நாலாவது டவுன் (கடைசி வாய்ப்பு), இரண்டு யார்ட் வேண்டும். கைசர் நெருக்கடியில் தப்பித்து, கோரி கோல்மனுக்கு எறிந்தார். அருமையான பந்து. ஆள் தனியாக நிற்கிறார். இரண்டு கைக்குள் வந்து விழுந்த பந்து நழுவியது. 28-24.

இந்தக் கோல்மன் யார்? வென்ட்ஸ் இடத்தை விற்று, அதில் வந்த இடத்தை மறுபடி விற்று, கடைசியில் வந்து சேர்ந்த பதினைந்தாவது இடத்தில் எடுத்தவர். எனக்கு அந்தத் திட்டம் என்றால் காரெட் ஞாபகம் வருவதில்லை. அந்தப் பந்துதான் வருகிறது. அடுத்த ஆகஸ்டில் ஏழாம் சுற்று இடம் ஒன்றுக்கு பஃபலோவுக்குக் கொடுத்தார்கள்.

மூன்றாம்_டவுன்

சார், அந்தப் பந்துக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் 3-14 ஏன் மோசம் என்று இப்போது சொல்கிறேன். அண்ணா ஞாபகம் வைக்கச் சொன்ன வரி: 2017-ல் வாட்சனை எடுக்கும் இடத்தை ஹூஸ்டனுக்கு விற்றோம். 2022-ல் அதே வாட்சனை அதே ஹூஸ்டனிடமிருந்து வாங்கினோம். விலை மூன்று முதல் சுற்று இடங்கள், இன்னும் சில. மேலே அவருக்கு 230 மில்லியன் டாலர், முழுக்க உத்தரவாதத்தோடு. அப்போது இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மேல் வழக்குப் போட்டிருந்தார்கள். அவர் மறுத்தார். லீக் 11 ஆட்டத் தடை போட்டது. இத்தனைக்கும் பின் 2024-ல் அவர் காயத்தில் விழுந்த ஆட்டத்தோடு அணி 1-6. நடுவே 2023-ல் 11-6 வந்தது, ஆனால் கடைசியில் இழுத்துக்கொண்டு போனது அவர் இல்லை, சோபாவிலிருந்து எழுந்து வந்த பழைய குவார்ட்டர்பேக் ஜோ ஃப்ளாக்கோ. அப்போதும் பிளேஆஃபில் 45-14 என்று தோலுரித்தது யார்? ஹூஸ்டன்.

2017-ல் தோற்றபோது கையில் விதை நெல் இருந்தது. 2024-ல் விதை நெல்லையும் விற்றுத் தின்றபின் தோற்றோம். அதனால் 3-14.

ஏரிக்கரைக்காரன்

ம்ம். இது கொஞ்சம் வலிக்கிறது.

சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். விதை நெல் சேர்த்ததற்குப் பட்டினி கிடந்தது நாங்கள், விற்றுத் தின்றது மேலிடம். 2017-ல் எதற்காகத் தோற்றோமோ அதை 2022-ல் ஒரே கையெழுத்தில் செலவழித்தார்கள் என்றால், இரண்டும் ஒரே சீசன்தானே? நடுவில் ஏழு வருடம், அவ்வளவுதான்.

நதிக்கு_அக்கரை

எங்களுக்கு 0-16-இல இருந்து 15-2 வர பதினாறு வருசம் எடுத்தது. உங்கட பதினாறு வருசம் 2033-இலதான் முடியும், ஆறுதலா இருங்கோ :)

புதுவரவு

நிறைய தெரிஞ்சுக்கிட்டேன், நன்றி. இணையத்துல ஒரு போட்டோ பார்த்தேன், பனியில ஸ்டேடியத்தைச் சுத்தி ஊர்வலம் போறாங்க. அது கோப்பை ஜெயிச்சப்ப எடுத்ததா?

ஏரிக்கரைக்காரன்

ஹா! அது 2018 ஜனவரி 6. 0-16-க்கு "பரிபூரண சீசன்" ஊர்வலம். உறைநிலைக்கு எவ்வளவோ கீழே குளிர். ஸ்டேடியத்தைச் சுற்றி வட்டமாக நடந்தார்கள், மேலிருந்து பார்த்தால் பூஜ்யம் தெரிய வேண்டும் என்று. முந்தின வருடமே ஏற்பாடாகியிருந்தது, அந்த ஒரு சான் டியாகோ வெற்றி வந்து கெடுத்துவிட்டது. இரண்டு தடவையும் சேர்ந்த பணத்தை ஊர் உணவு வங்கிக்குக் கொடுத்தார்கள். ஆட்டக்காரர்கள் சிலருக்குக் கோபம், அது நியாயம்தான். அடிபட்டு விழுந்தது அவர்கள் உடம்பு.

நான் போனேன். வீட்டில் நூலகம் போவதாகச் சொன்னேன்.

ஞாயிறு_சாம்பார்

என்ன???

புதுவரவு

ஐயையோ நான் வேற கேள்விக்குப் போயிடறேன். ஜெர்சி வாங்கணும். யார் பேர் போட்டது வாங்கலாம்?

மூன்றாம்_டவுன்

குவார்ட்டர்பேக் மட்டும் வேண்டாம். 1999-க்குப் பிறகு அந்த இடத்தில் ஆட்டத்தைத் தொடங்கியவர்கள் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டிவிட்டது. துணி கிழிவதற்கு முன் ஆள் போய்விடுவான்.

பழைய_டிக்கெட்

73 வாங்கு அம்மா. ஜோ தாமஸ், லெஃப்ட் டேக்கிள். குவார்ட்டர்பேக்கின் முதுகைக் காப்பவர். 2007-ல் முதல் ஆட்டத்திலிருந்து ஒரு ஸ்நாப் விடாமல் ஆடினார். யார் கோச், யார் குவார்ட்டர்பேக் என்று பார்க்கவில்லை. 2017 அக்டோபர் 22, டென்னசி ஆட்டத்தில் கையில் ட்ரைசெப்ஸ் கிழிந்தது. கணக்கு 10,363-ல் நின்றது. அதன்பின் ஆடவில்லை. பிளேஆஃப் ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் 2023-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு (ஆட்டத்தின் பெருமை பெற்றவர்கள் வரிசை) போனார்.

அன்று அவர் கையைப் பிடித்தபடி வெளியே நடந்தபோது மைதானத்தில் சத்தமே இல்லை. 0-7 ஆகப்போகிற அணி என்று யாருக்கும் தோன்றவில்லை.

புதுவரவு

73 முடிவு. சைஸ் மீடியமா ஸ்மாலா?

ஞாயிறு_சாம்பார்

லார்ஜ் எடு. உள்ளே இரண்டு ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கும், அந்த ஏரிக் காற்று சும்மா விடாது. நூலகத்துக்குப் போய்விட்டு வந்தவருக்கு அன்றைக்கு மூன்று நாள் ஜலதோஷம் வந்தது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது.